நீதிபதி தூதுவரானால்



வில்லியனூரைத் தாண்டினால் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள். பிரான்ஸ்காரன் பேசித் தீர்த்துக்கொண்டான். போர்ச்சுகல்காரனோ, தன் ஆட்சிப் பகுதியான தாத்ரா நகர் ஹவேலிக்குப் போக இந்தியா வழிவிடவில்லை என்று 1955இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் ஏறினான். அந்த வழக்கில் இந்தியா அமர்த்திய நீதிபதிதான் எம்.சி. சாக்ளா, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி.

1957 இறுதியில் முந்த்ரா விவகாரம் வெடித்தது. பாலிசி கட்டிய ஏழை எளியவர்களின் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற ஒரு தனிமனிதரின் கம்பெனிப் பங்குகளில் போய் விழுந்திருந்தது. 1958இல் அதை விசாரித்தவர் சாக்ளா ஒருவரே. கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கவில்லை. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் நிதியமைச்சர் பதவி போனது. நேருவுக்கு எவ்வளவு சங்கடம்! அதே நேரு, அதே ஆண்டில், சாக்ளாவை வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பினார். பிறகு லண்டன்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று 1958இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தில் சாக்ளாவும் ஓர் உறுப்பினர்! சாக்ளா தூதர் பதவி ஏற்றதை ஆணையத் தலைவர் செதல்வாட் பின்னாளில் கடுமையாக விமர்சித்தார். சாக்ளாவோ தூதராக இருந்துகொண்டே ஹேக்கில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். 1960இல் வந்த தீர்ப்பில், படைக்கும் ஆயுதத்துக்கும் வழி இல்லை, மற்றபடி போர்ச்சுகலுக்கு ஓரளவு உரிமை உண்டு என்றது பெரும்பான்மை. சாக்ளா மாறுபட்டு எழுதினார். எழுதியது சட்டமாகவே இருக்கட்டும், எதிரி நம்புவானா?

ஆனால் நாற்காலியில் ஒட்டிக்கொண்ட மனிதர் அல்ல அவர். 1967இல் வெளியுறவு அமைச்சர். உயர்கல்வியில் ஆங்கிலத்தை அவசரமாக அகற்றுகிறார்கள் என்று பதவியைத் தூக்கி எறிந்தார். தமிழில் உயர்கல்வி கேட்கிறவன் நான். அவர் வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. எறிந்த துணிவுக்குக் கைதட்டுகிறேன். நெருக்கடி நிலையின்போதும், எழுபத்தைந்து வயதில், மேடையேறி எதிர்த்துப் பேசினார்.

எல்லா நீதிபதியும் சாக்ளாவாக இருப்பார் என்று நம்பிச் சட்டம் எழுத முடியாது. ஓய்வுக்கும் அரசுப் பதவிக்கும் நடுவே சில ஆண்டு இடைவெளியைச் சட்டமாக்கச் சொல்லி, உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள்.