சேற்றில் புதைந்த சாட்சிகள்

எங்கள் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுபவர்க்கு வெப்பமானி வேண்டுவதில்லை. அடிவாரத்தில் இலவமும் மாவும், இடைச்சரிவில் காப்பி, முகட்டைக் கடந்தால், நிழலும் மூடுபனியும் நிலவுமிடத்தில் ஏலம். தட்பவெப்பத்திற்குச் செடியே சாட்சி.

வடதுருவத்தை அடுத்த கடலடியிலும் இத்தகைய சாட்சிகள் உண்டு. நார்வேக்குரிய ஸ்வால்பார்டு தீவுகளில், 79ஆம் வட அட்சத்தை ஒட்டி, பனியாறு குடைந்த காங்ஸ்ஃபியார்டன் என்னும் கடற்கழி இருக்கிறது. அதன் கரையில் 2008இல் இந்தியா 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரும் பிறரும் நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளக்கும் கருவிகளை அக்கழியினுள் நிறுத்தினர்.

கருவி இல்லாத காலத்தை யார் உரைப்பது? ஃபொராமினிஃபெரா என்னும் ஓருயிரணு உயிர்களின் ஓடுகள் உரைக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மணல்துகள் அளவினவே. பனியாறு கலங்கல் நீரைக் கொட்டும் உட்புறத்தில் எல்ஃபிடியம், காசிடுலினா முதலிய சிலவே மிகுதியாக வாழும். அட்லாண்டிக்கின் வெம்மை சற்று மிகுந்த நீர் நுழையும் வாய்ப்புறத்தில் வேறு இனங்களும் சேரும். சேறு அடுக்கடுக்காகப் படிவதால், குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தூணில் கீழே செல்லச் செல்லப் பழைய காலம் வரும். எந்த இனம் எந்த அடுக்கில் மிகுந்தது என எண்ணினால், வெந்நீர் வந்ததும் பனியாறு நெருங்கியதும் புலனாகும். ஒன்று மட்டும் கருத வேண்டும்: சில ஓடுகள் சேற்றிலேயே கரைந்துவிடும்; ஆதலின், காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது.

2024 கோடையில், மலைக்கு அப்பால் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள் வறட்சியால் கருகின. ஏலத்தின் வாழ்வு மழையைச் சார்ந்தது. ஆர்க்டிக் வெப்பத்திற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது இந்தியத் துருவ ஆய்வின் நோக்கங்களுள் ஒன்று. அது இன்னும் முற்றத் தெளியவில்லை. அதற்குச் சில ஆண்டு அளவீடு போதாது. நூற்றாண்டுகளின் கணக்கு வேண்டும். அக்கணக்கில் ஒரு பங்கு காங்ஸ்ஃபியார்டனின் சேற்றில் கிடக்கிறது.