சைகை பாஷைக்கு வியாகரணம்

ஏறாவூர்ச் சந்தையில் செவிப்புலனற்ற இருவர் மீன் விலையைக் குறித்துக் கைகளாலேயே வாதாடுவதைக் காண்போர், அது வெறும் அபிநயம் என்றெண்ணிக் கடந்து போவதுண்டு. ஆயினும் 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் என்று பகுக்கத்தக்கதென எடுத்துக்காட்டிய பின்னர், அவ்வெண்ணம் அறிஞரிடையே மெல்ல மறையலாயிற்று.

எழுத்தில்லாத பாஷைக்கு வியாகரணம் காண்பது எங்ஙனம்? குழந்தைப் பருவம் முதலே சைகையில் வளர்ந்தவர்களை, வசனமற்ற சித்திரக் கதையொன்றைத் தமக்குள் சொல்லிக்கொள்ளச் செய்து, அதைப் படம்பிடித்து, பின்னர் மெதுவாக ஓட்டிப் பார்த்து, கைகளுக்கு ஒரு வரி, தலையசைவுக்கு ஒரு வரி, புருவத்துக்கு ஒரு வரி என ஆய்வாளர் நேரங்குறித்து எழுதுகிறார்கள். புருவத்துக்கென்ன இலக்கணம் என்று நகைக்க வேண்டாம். அதே சைகைத் தொடர், புருவம் உயர்ந்த மாத்திரத்தில் வினாவாகிவிடக்கூடும்! இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வழங்கும் சைகை பாஷையை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் உல்ரிகே செஷான், அதில் வினாச்சொல் வாக்கியத்தின் ஈற்றிலே வருவதைக் கண்டு எழுதினார்.

1912இலேயே செவிப்புலனற்றோருக்குப் பாடசாலை கண்டது நம் இலங்கை நாடு; சைகை ஆய்விலும் அது பின்தங்கலாகாது. ஏறாவூருக்கு அண்மையில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்களே, நம் பகுதிச் சைகைகளையும், அவற்றைப் பேசுவோரையே துணையாகக் கொண்டு, இவ்வாறு பதிவு செய்ய முன்வாருங்கள்.