ஸபுர் என்பது சும்மா இருப்பதா?



மனித வாழ்வைச் சிறக்கச் செய்வது பொறுமையா, முயற்சியா? நமது இல்லங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய மகன் முதலில் பெறுபேற்றுக்காகவும், பின்னர் வெட்டுப்புள்ளிக்காகவும், அதன் பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்காகவும் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருக்கின்றான். வினவினால், "ஸபுர் செய்கின்றேன்" என்கின்றான். அடுத்த வீட்டு இளைஞனோ தந்தையின் காணியை ஈடுவைத்து, முன்பின் அறியாத முகவர் ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்து, வெளிநாடு செல்லத் துடிக்கின்றான். அதனை அவன் முயற்சி என்கின்றான்.

நேயர்களே! முன்னவனிடம் இருப்பது பொறுமையன்று, சோம்பல். பின்னவனிடம் இருப்பது முயற்சியன்று, அவசரம். இவ்விரண்டையும் நாம் பிரித்தறிய வேண்டும்.

அறபு மொழியில் "ஸப்ர்" என்னும் சொல்லுக்குத் தடுத்து வைத்தல், கட்டுப்படுத்துதல் என்பதே அடிப்படைப் பொருளாகும். அறிஞர்கள் அதனை மூன்றாக வகுத்துள்ளனர். நன்மையான செயலில் தளராது நிலைத்திருத்தல், பாவத்தை விட்டும் மனத்தைத் தடுத்துக்கொள்ளல், துன்பம் நேரும்போது நிலைகுலையாதிருத்தல் என்பன அவையாகும். முதலாவதே செயல் சார்ந்தது என்பதைக் கவனியுங்கள். எனவே, கையைக் கட்டிக்கொண்டு இருப்பவனுக்குப் பொறுமையாளன் என்னும் பெயர் பொருந்தாது.

அன்னை ஹாஜறா அவர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். நீரோ பயிரோ இல்லாத பள்ளத்தாக்கில் பச்சிளம் குழந்தையுடன் விடப்பட்டார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா என்று இப்றாஹீம் (அலை) அவர்களிடம் கேட்டு, ஆம் என்று அறிந்ததும், அவ்வாறாயின் அவன் எம்மைக் கைவிடமாட்டான் என்று உறுதி கொண்டார்கள். அது தவக்குல். ஆயினும், தோற்பையில் இருந்த நீர் தீர்ந்து குழந்தை துடித்தபோது அவ்வம்மையார் அமர்ந்திருக்கவில்லை. ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவைகள் ஓடினார்கள். இன்று ஹாஜிகள் கடக்கும் அத்தூரம் மொத்தமாக ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆகும். தண்ணீர் ஸபாவிலும் வரவில்லை, மர்வாவிலும் வரவில்லை, குழந்தை கிடந்த இடத்திலேயே ஸம்ஸம் பொங்கியது. பலன் நாம் ஓடிய திசையிலேயே வரவேண்டும் என்பதில்லை. ஆனால், அந்த ஓட்டத்தையே அல்லாஹ் மறுமை நாள்வரை ஒரு வணக்கமாக ஆக்கிவிட்டான்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாறும் இதனையே போதிக்கின்றது. சிறைவாசத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மன்னர் அழைத்தபோதும் உடனே வெளியே விரைந்து வரவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி முதலில் விசாரிக்கப்பட வேண்டும் என்றார்கள். அவசரப்படத் தூண்டும் வேளையில் நிதானித்தமை அவர்களது பொறுமை. குற்றமற்றவர் என்பது தெளிவானதும், நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாமே முன்வந்து கேட்டார்கள். இது அவர்களது முயற்சி. ஏழு வருடச் செழிப்பில் உண்பதற்குத் தேவையானது போக எஞ்சிய தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள். பின்வந்த ஏழு வருடப் பஞ்சத்தில் மக்களைக் காத்தது அந்த ஏற்பாடேயாகும்.

நமது கிழக்கு மாகாண விவசாயிகளுக்கு இது புதிதன்று. பெரும்போகத்துக்கு நிலத்தை உழுது, விதைத்து, களை பிடுங்கி, பின்னரே அவர்கள் அறுவடைக்காகக் காத்திருக்கின்றனர். நாற்றை இழுத்து வளர்க்க எவராலும் முடியாது. அங்கே பொறுமை வேண்டும். ஆயினும், விதைக்காதவன் வரம்பில் அமர்ந்து காத்திருப்பதற்கு என்ன பெயர்?

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்றத்தையும் நோக்குங்கள். கி.பி. 622 இல் நிகழ்ந்த அப்பயணத்துக்காக அபூபக்கர் (றழி) அவர்கள் இரு ஒட்டகங்களை நான்கு மாதங்களாகத் தீனியிட்டு ஆயத்தம் செய்திருந்தார்கள். பாதை அறிந்த வழிகாட்டி ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். மதீனா வடக்கே இருக்க, எதிரிகளைத் திசைதிருப்பத் தெற்கேயுள்ள தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். மனிதரால் இயன்ற யாவும் செய்து முடிக்கப்பட்ட பின்னரே, எதிரிகள் குகை வாயிலுக்கு வந்த வேளையில், கவலை வேண்டாம், அல்லாஹ் நம்முடன் இருக்கின்றான் என்று தோழருக்கு ஆறுதல் கூறப்பட்டது.

நமது நாட்டிலும் உதாரணம் உண்டு. கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் எம்.சி. சித்தி லெப்பை அவர்கள், நமது பிள்ளைகள் நவீன கல்வியில் பின்தங்கியிருந்த நிலை கண்டு 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார்கள். பத்து வருடங்கள் கழித்து, 1892 இல், வாப்பிச்சி மரைக்கார் முதலானோருடன் இணைந்து கொழும்பில் ஒரு மத்ரஸாவை நிறுவினார்கள். பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1898 இல் அவர்கள் வபாத்தானார்கள். ரீ.பி. ஜாயா அவர்கள் 1921 இல் அதிபர் பொறுப்பேற்று அக்கல்லூரியை உயர்நிலைக்குக் கொண்டுவந்ததை அவர்கள் காணவில்லை. தாம் காணாத அறுவடைக்காக விதைப்பவரிடம் முயற்சியும் பொறுமையும் ஒருங்கே இருக்கின்றன.

அன்பின் இளைஞர்களே! பெறுபேறு வரும்வரை காத்திருப்பது உங்கள் குற்றமன்று. அக்காலத்தை வீணாக்குவதே குற்றம். தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ ஒரு தொழிலைக் கற்கலாம். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சீராகப் பேசப் பழகலாம். வாப்பாவின் கடையில் கணக்கெழுதலாம். வெளிநாடு செல்வதாயின், முகவர் நிலையம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று விசாரித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். அந்த விசாரணையும் பொறுமையின் ஒரு பகுதியே.

பெற்றோரே! உங்களிடமும் ஒரு வார்த்தை. ஸபுர் என்னும் புனிதமான சொல்லை அநீதிக்குத் திரையாக்கி விடாதீர்கள். கணவனின் அடியும் உதையும் தாளாது தாய்வீடு வந்து அழும் மகளிடம், "ஸபுர் செய் மகளே, ஊர் என்ன சொல்லும்?" என்று திருப்பியனுப்புவோர் நம்மிடையே உள்ளனர். மக்காவில் தம் தோழர்கள் வதைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள், தாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. எவருக்கும் அநீதி இழைக்காத மன்னர் ஆளும் அபிசீனியாவுக்குச் செல்ல வழிகாட்டினார்கள். அடிபடும் மகளுக்கும் பாதுகாப்பான இடம் வேண்டும். அவளுக்குக் காதி நீதிமன்றமும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் உண்டு. அவளுக்காக எழுந்து நிற்பது உங்கள் கடமை. நோயும் மரணமும் போன்று, நம் சக்திக்கு அப்பாற்பட்டவற்றில் அவளுக்குப் பொறுமையைப் போதியுங்கள். தடுக்கக்கூடிய கொடுமையில் போதிக்காதீர்கள்.

ஆகவே நேயர்களே, "நான் பொறுமையாக இருக்கின்றேன்" என்று கூறுமுன், என் கையால் செய்யக்கூடியது இன்னும் ஏதேனும் மீதியுண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மீதியிருப்பின் எழுந்து அதனைச் செய்வோம். செய்து முடித்திருப்பின், மனம் பதறாது முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம்.

உழைக்கும் உறுதியையும் காத்திருக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.