ஒருவர் கடன், இருவர் கூலி

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடன் பத்திரத்தில் கைநாட்டு வைப்பவர் ஒருவர். அந்தக் கடனுக்கு நிவாரணம் கேட்டுப் போய் நின்றால், "உன் வீட்டுக்காரிக்கு என்ன வருகிறது? உன் புருஷனுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? இதற்கு நாம் என்ன பதில் சொல்வது?

1938ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். ஆனால், நிலத்தில் பாத்தியதை இல்லாத கூலிக்காரருக்கு அதில் இடமில்லை.

1980ம் ஆண்டின் தமிழ்நாடு கடன் நிவாரணச் சட்டம் வேறு அளவுகோலை எடுத்தது. ஆண்டுக் குடும்ப வருமானம் 4,800 ரூபாய்க்கு மேற்பட்டால் அவர் நிவாரணத்துக்குரிய கடனாளி அல்ல என்றது. 'குடும்ப வருமானம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கணவன் மாதம் 360 ரூபாய் சம்பாதித்தால் ஆண்டுக்கு 4,320. நிவாரணம் உண்டு. மனைவி நடவுக்கும் அறுப்புக்கும் போய் 600 ரூபாய் கொண்டுவந்தால் மொத்தம் 4,920. நிவாரணம் போயிற்று! அவள் கொண்டுவந்த 600 ரூபாய் அரிசிக்கும் மருந்துக்கும் போயிருக்கும். கடன் அப்படியே நிற்கும்.

குடும்பத்தைச் சேர்த்துப் பார்ப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சொத்தை மனைவி பெயரில் எழுதிவைத்துவிட்டு "நானும் ஏழை" என்று வரும் பணக்காரனைத் தடுக்க அது வேண்டும். வரவைக் கூட்டுகிறவர்கள் செலவையும் கூட்டவேண்டும் என்பதே நம் வாதம்.

இன்று நுண்கடன் கம்பெனிகள் பெண்களைத் தேடி வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2022ல் ரிசர்வ் பாங்கி விதி வகுத்தது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம்; ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பது நுண்கடன்; எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மாதம் 16,000 வந்தால் தவணை 8,000க்குள். கணவனின் சம்பளத்தைப் பாரத்தில் கூட்டி எழுதினால் என்ன ஆகும்? இந்த வரம்பும் கூடும், கடன் சுமையும் கூடும். மில் கதவு மூடியதும் அந்தச் சம்பளம் நிற்கும், தவணை நிற்காது.

ஆகவே தோழர்களே, மூன்று காரியங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று: வருமானம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

இரண்டு: கணவனோ மனைவியோ வேலை இழந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவித்து, தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இருவர் வரவையும் மறைக்காமல் காட்டுங்கள். வாடகை, அரிசி, பள்ளிச் செலவு, மருந்து எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மூன்று: சேர்ந்து கடன் வாங்காமலும் ஜாமீன் நிற்காமலும் இருந்தால், கணவன் கடனுக்கு மனைவியின் கூலி பொறுப்பல்ல; மனைவி கடனுக்குக் கணவன் கூலியும் பொறுப்பல்ல. மிரட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டு நுண்கடன்காரர் தொந்தரவு செய்யக்கூடாதென்றும் அந்த விதியே சொல்கிறது.

தனியாகப் போய் நின்றால் தலை குனியவைப்பார்கள். கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சங்கத்துத் தோழர்களோடு சேர்ந்து போவோம்!