தவறு அலுவலகத்தினுடையது, பிடித்தம் ஓய்வூதியரிடமா?

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 'உங்களுக்கு மிகையாக வழங்கப்பட்ட தொகையைத் திருப்பிச் செலுத்துங்கள்' என்று அரசு கேட்பது நியாயமா? தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓய்வூதியத்தைத் திருத்தட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. கொடுத்து முடிந்ததைத் திரும்ப வாங்குவதுதான் தவறு. பணிப்பதிவேட்டை எழுதுவதும் ஊதியத்தை நிர்ணயிப்பதும் அலுவலகம். தேர்வுநிலை நிர்ணயத்தில் ஓர் ஊதிய உயர்வு கூடுதலாக விழுந்துவிட்டால், அது அகவிலைப்படியில் ஏறி, பணிக்கொடையிலும் ஓய்வூதியத்திலும் தொடரும். மாதம் 1,000 ரூபாய் என்றாலும் பத்தாண்டில் 1,20,000. கல்வராயன்மலையில், வெள்ளிமலைப் பக்கத்துப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சமையலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இந்தக் கணக்குப் பிழை தெரிந்திருக்க வழியே இல்லை. அந்த மலை அமைந்த கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பணிக்காலம் விழுப்புரம் மாவட்டத்தில் கழிந்ததால், பிழை எந்த அலுவலகத்தில் நேர்ந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. பிடித்தத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவதென்றால் மலையிறங்கிச் சென்னைக்குப் போக வேண்டும்.

மக்கள் வரிப்பணத்தை விட்டுவிடுவதா என்பார்கள். 2012இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்த வாதத்தை ஏற்றது. ஆனால் 2014 டிசம்பரில் ரஃபிக் மசீ வழக்கில், கடைநிலை, எழுத்தர் நிலைப் பணியாளர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறுவோரிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்த மிகை ஊதியத்தையும் பிடிக்கக் கூடாதென்றது. 2022இல் கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும், பணியாளர் பொய் சொல்லியோ ஏமாற்றியோ பெறாத பணத்தை, ஓய்வுக்குப் பிறகு திரும்பக் கேட்க முடியாதென்றது. பொய் ஆவணம் கொடுத்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது, கிடைக்கவும் கூடாது.

வலுவான எதிர்வாதம் இன்னொன்று: 'மிகையாகப் பெற்றால் திருப்பித் தருவேன்' என்று ஊதியத் திருத்தத்தின்போது எழுதிக் கொடுத்த உறுதிமொழி. 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதை வைத்துத்தான் பிடித்தத்தை நீதிமன்றம் அனுமதித்தது, அதுவும் இரண்டாண்டுத் தவணையில். அங்கே எழுதிக் கொடுத்தவர் ஒரு நீதிபதி, சட்டம் தெரிந்தவர். அத்தீர்ப்பு விலக்கியது ஓய்வு பெற்றோருக்கான பாதுகாப்பை மட்டுமே. கடைநிலைப் பணியாளருக்கான தனிப் பாதுகாப்பை அது தொடவில்லை. அலுவலகம் நீட்டிய படிவத்தில் எல்லோரும் போடுகிற கையெழுத்தைக் காட்டி இரவுக் காவலரையும் மடக்குவது அத்தீர்ப்பை மிகையாக இழுப்பதாகும்.

பிடித்தம் குறித்த அறிவிப்பில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், கணக்கீட்டுத் தாளையும் பணிப்பதிவேட்டு நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். எந்தத் தேதியில் போட்ட எந்த ஊதிய உயர்வு தவறு, அதைப் போட்டது எந்த அலுவலகம் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.