பதின்மூன்று சட்டைக்காரர்

போன வாரம் கூடைப்பந்துப் பயிற்சிக்கு வந்த பையன்களிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இன்றைக்கு யாரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியக் கூடாது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டியதும் தாண்டாததுமாக நின்று எறிந்தான். பந்து வளையத்திலும் படவில்லை, பலகையிலும் படவில்லை; பின்னாலிருந்த வேப்பமரத்தில் போய் விழுந்தது. "ஏண்டா?" என்றேன். "கரி அங்கேயிருந்துதான் சார் போடுவார்" என்றான்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டெஃபன் கரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊரெல்லாம் கரியாகப் பார்க்கிறதே, அதில்தான் வருத்தம். ஆகவே இன்று கரியைப் பற்றிப் பேசப் போவதில்லை. கரி இருந்த அதே கோல்டன் ஸ்டேட் அணியில், 2011 டிசம்பரில் சேர்ந்து, ஆறே ஆறு ஆட்டம் ஆடிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். இஷ் ஸ்மித்.

கூடைப்பந்து பார்க்கிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. இஷ்மெயில் ஸ்மித் என்பது முழுப் பெயர். 1988-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஷார்லட் நகரத்தில் பிறந்தவர். உயரம் ஆறடி. நம் தெருவில் ஆறடி ஆளை நெட்டையன் என்போம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஆறடி என்றால் குள்ளர். படித்தது வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம். ஐந்தடி மூன்று அங்குல மக்சி போக்ஸும், பின்னால் கிறிஸ் பாலும் பந்து தட்டிய இடம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தும், அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டபோது அவர் பெயர் வரவில்லை. அறுபதில் ஒன்றாகக்கூட வரவில்லை.

அப்படி வந்தவர் எத்தனை அணிக்கு ஆடினார் தெரியுமா? மெதுவாகச் சொல்கிறேன், எண்ணிக்கொண்டே வாருங்கள். ஹூஸ்டன். மெம்ஃபிஸ். கோல்டன் ஸ்டேட். ஆர்லாண்டோ. மில்வாக்கி. ஃபீனிக்ஸ். ஓக்லஹோமா சிட்டி. ஃபிலடெல்ஃபியா. நியூ ஆர்லியன்ஸ். டெட்ராய்ட். வாஷிங்டன். ஷார்லட். டென்வர். பதின்மூன்று. மொத்தம் இருப்பதே 30 அணிகள். அவருக்கு முன்னால் சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் என்று நான்கு பேர் பன்னிரண்டு அணிகளோடு நின்றார்கள். அந்த ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் ஆளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார், யாரும் எடுக்காத ஆளும் இருக்கிறார். அதைப் பார்த்த பிறகும் சிலர், "திறமை இல்லாததால்தானே துரத்தினார்கள்" என்கிறார்கள்.

துரத்தவில்லை ஐயா. கொசுறாகக் கொடுத்தார்கள். அங்கே இரண்டு அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும்போது, இரண்டு பக்கத்துச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்று விதி. பெரிய ஆட்டக்காரரைக் கொடுக்கும்போது தராசு சரியாக நிற்க, சின்னச் சம்பளக்காரர் ஒருவரைக் கூடவே வைப்பார்கள். சில சமயம் வருகிற ஆளுக்கு இடம் காலியாக வேண்டுமே என்றும் வைப்பார்கள். 2011-இல் ஷேன் பாட்டியரை மெம்ஃபிஸுக்குக் கொடுத்தபோது கூடவே போனவர் இஷ். 2013 பிப்ரவரியில் ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்குக் கொடுத்தபோதும் கூடவே போனவர் இஷ். கத்தரிக்காய் வாங்கினால் மேலே நாலு இலை கறிவேப்பிலை. மறுநாள் பத்திரிகையில் ரெடிக் பெயர் தலைப்பில் இருக்கும். கறிவேப்பிலை கடைசி வரியில்.

சரி, அந்தக் கறிவேப்பிலையிடம் அப்படி என்ன இருந்தது? நான் வானொலி நிலையத்துக்குப் பேருந்து பிடித்து வந்ததே இதைச் சொல்லத்தான். அவர் பந்தைக் கையில் எடுக்க மாட்டார்.

எங்கள் மைதானத்தில் என்ன நடக்கும்? பையன் இரண்டு பேரைத் தாண்டிப் பிரமாதமாக உள்ளே வருவான். கூடைக்குக் கீழே இரண்டு நெட்டையர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்ததும் பயந்து, ஓடுகிற பந்தை இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வான். அள்ளினால் தீர்ந்தது. இனி எறிய வேண்டும், அல்லது யாருக்காவது தள்ளிவிட வேண்டும். மீண்டும் தட்ட விதி இடம் கொடுக்காது. தடுப்பவர்களுக்கு அது தெரியும், அப்படியே அமுக்கிவிடுவார்கள்.

இஷ் அள்ள மாட்டார். தட்டிக்கொண்டே பலகைக்கு அடியில் நுழைவார். தட்டிக்கொண்டே, கூடைக்குப் பின்னாலிருக்கும் எண்ட் லைன் ஓரமாக ஒடுங்கி ஓடுவார். தட்டிக்கொண்டே மறுபக்கம் வெளியே வருவார். போடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வெறுமனே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது போல இருக்கும். ஆனால் அந்த ஒரு சுற்றில் எதிரணி ஐந்து பேரும் பந்தைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருப்பார்கள். தலை திரும்பினால் தன் ஆளை மறந்தான் என்று பொருள். அந்த மறதியில் ஒருவன் பின்பக்கமாகக் கூடைக்கு ஓடுவான், பந்து அவன் கைக்குப் போய்விடும்.

இந்தத் தட்டலுக்கு ஸ்டீவ் நாஷ் பெயரைச் சேர்த்து நாஷ் டிரிபிள் என்பார்கள். நாஷ் மேதை, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை இரண்டு முறை வாங்கியவர், மறுக்கவில்லை. ஆனால் நாஷ் செய்தால் தேர் அசைகிற மாதிரி இருக்கும். இஷ் செய்தால் அணில் ஓடுகிற மாதிரி. எனக்கு அணில்தான் பிடிக்கும், என்ன செய்வது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இஷ் ஸ்மித்துக்கு மூன்று புள்ளி எறிதல் பலமில்லை. அது எதிரணிக்கும் தெரியும். ஆகவே அவருக்கு முன்னால் ஒட்டி நிற்க மாட்டார்கள். "எறிந்தால் எறியட்டும்" என்று நாலடி பின்வாங்கி நிற்பார்கள். வேறொருவருக்கு இது அவமானம். இவருக்கு அந்த நாலடி ஓடுகிறதற்குக் கிடைத்த சாலை. எதிரணி கூடை போட்டு, பந்து கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தவுடன் கிளம்புவார். நடுக்கோட்டைக் கடக்க எட்டு விநாடி அனுமதி உண்டு. நம் பையன்கள் எட்டையும் செலவழிப்பார்கள், ஏதோ சொந்தப் பணம் மாதிரி. இஷ் அதைச் செலவழிக்கவே மாட்டார். எதிரணி இன்னும் தன் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் உள்ளே இருப்பார். அப்புறம்? பந்தைக் கையில் எடுக்க மாட்டார். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடமாக மைதானத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வானொலியிலாவது யார் காதிலாவது விழட்டும்.

இந்த வித்தைக்கு மதிப்பு இருந்ததா என்று கேட்பீர்கள். 2015-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபிலடெல்ஃபியா அணி வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்த காலம். தோற்றால் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும், இளைஞர்களைச் சேர்க்கலாம் என்று அந்த அணியின் மேலாளர் சாம் ஹிங்கி ஒரு கணக்குப் போட்டிருந்தார். கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. களத்தில் 31 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. நெர்லென்ஸ் நோயல், ஜலீல் ஓகஃபோர் என்று நெட்டையர்கள் இருந்தார்கள். பந்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. சமையலறை நிறைய அரிசி, பருப்பு. அடுப்பு மூட்ட ஆளில்லை.

அந்தப் பருவத்துக்கு முந்தின கோடையில்தான் அவர்களே இஷ் ஸ்மித்தைப் போகவிட்டிருந்தார்கள். டிசம்பர் 24-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸுக்கு டிராஃப்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டைக் கொடுத்து, அதே ஆளைத் திரும்ப வாங்கினார்கள். சும்மா போகவிட்டதை விலை கொடுத்து வாங்கினார்கள். 26-ஆம் தேதி ஃபீனிக்ஸில் ஆட்டம். நமக்கு 27, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மருமகன் வாங்கிக் கொடுத்த கைபேசியில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது. 111-க்கு 104. என்னையறியாமல் பெஞ்சைத் தட்டிவிட்டேன்; பக்கத்தில் இருந்தவர் டீ சிந்திவிட்டது. "இந்தியா மேட்சா சார்?" என்றார். என்ன சொல்வது? "ஆமாம்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு வேறு டீ சொன்னேன்.

இஷ் வருவதற்கு முன்னால் 31-இல் ஒன்று. வந்த பிறகு 51-இல் ஒன்பது. ஒன்பது ஒரு பெரிய எண்ணா என்று கேட்கலாம். 1972-73-இல் இதே ஃபிலடெல்ஃபியா 82 ஆட்டத்தில் ஒன்பதே வெற்றி பெற்று, அழியாத கெட்ட பெயர் வாங்கியது. இந்த முறை மொத்தம் பத்து. ஒரே ஒரு வெற்றியில் தப்பித்தார்கள். அந்த ஒன்று யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்த்துத்தான் அடுத்த கோடையில் டெட்ராய்ட் அணி மூன்று வருடத்துக்கு ஒரு கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து அவரைக் கூப்பிட்டது. பெட்டியை முழுதாகப் பிரித்து வைத்து மூன்று வருடம் ஒரே ஊரில் இருந்தது அங்கேதான்.

ஊர் மாறுவதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது, அது வெளியே தெரியாது. மொழி. ஆங்கிலத்தைச் சொல்லவில்லை. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாஷை உண்டு. ஓரத்தில் பந்து தட்டுகிறவனை நடுவுக்கு வரவிடாமல் எண்ட் லைன் பக்கமாகவே ஒதுக்குகிற தடுப்பு முறை ஒன்று இருக்கிறது. ஒரு அணியில் அதற்கு 'ஐஸ்' என்று பெயர். இன்னொரு அணியில் 'புளூ'. மற்றொன்றில் 'டவுன்'. காரியம் ஒன்றுதான். பின்னாலிருந்து நெட்டையன் கத்துகிற ஒரு சொல்லில், அரை விநாடியில், கால் திரும்ப வேண்டும். பழைய ஊர் ஞாபகத்தில் அரை விநாடி யோசித்தால் எதிராளி கூடையில் இருப்பான்.

எனக்கு இது பட்டுத் தெரியும். நானும் ஒரு காலத்தில், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு. ஒரு கோடை விடுமுறைப் போட்டிக்கு, ஆள் குறைகிறது என்று ஓர் ஊர் அணி என்னை கெஸ்ட் பிளேயராகக் கூப்பிட்டது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன், சாயங்காலம் ஆட்டம். வேறு யார் பெயரோ எழுதிய சட்டையைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் முஷ்டியைத் தூக்கினால் இரண்டு நெட்டையரும் மேலே வந்து மறைப்புக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். நான் முஷ்டியைத் தூக்கினேன். அவர்கள் ஊரில் அதற்கு எல்லாரும் ஒதுங்கி வழிவிடுங்கள் என்று அர்த்தம் போலிருக்கிறது. நான்கு பேரும் மூலைக்கு ஓடிவிட்டார்கள். நடுவில் நான் மட்டும், சட்டைக்காரரின் பெயரோடு. தோற்றோம். திரும்பிப் போக பஸ் சார்ஜ் தருகிறேன் என்று சொன்னவர் இன்னும் தந்துகொண்டிருக்கிறார்.

எனக்கு ஓர் ஊர், ஒரு முஷ்டி. அவருக்குப் பதின்மூன்று. 2014 நவம்பரில் ஓக்லஹோமாவில் டுராண்ட், வெஸ்ட்புரூக் என்ற நட்சத்திரங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அடிபட்டுக் கிடந்தபோது அவசரமாகக் கூப்பிட்டார்கள், போனார். யாராவது விழுந்தால்தான் இவரைப் போன்றவர்களுக்குத் தந்தி வரும். ஜனவரியில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று தொடங்கும். பத்து நாளுக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், பிடித்தால் இன்னொரு பத்து நாள். ஒரே அணியில் அதற்கு மேல் கிடையாது. பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். மார்கழிக் கச்சேரியில் வித்வானுக்கு உடம்பு சரியில்லை என்றால் மதியம் கூப்பிட்டு, சாயங்காலம் மேடையில் உட்காரச் சொல்வார்களே, அந்த மிருதங்கக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் என்ன கீர்த்தனை எடுப்பார் என்று அவருக்குத் தெரியாது. தனி ஆவர்த்தனம் கிடைக்குமா என்றும் தெரியாது.

2021-இல் பிறந்த ஊரான ஷார்லட்டுக்கே ஆடப் போனார். அங்கேயாவது விட்டார்களா? 2022 பிப்ரவரியில், மான்ட்ரெஸ்ல் ஹாரல் வேண்டும் என்பதற்காகத் திரும்ப வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். கொசுறுதான், மறுபடியும். அந்தக் கோடையில் வாஷிங்டன், கென்டேவியஸ் கால்டுவெல்-போப்போடு சேர்த்து டென்வருக்குக் கொடுத்தது. பதின்மூன்றாவது ஊர். அங்கே நிகோலா யோகிச் என்ற மலை இருந்தது. 2023 ஜூனில் டென்வர், மயாமியை 4-க்கு 1 என்று வென்று, தன் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கோப்பையை எடுத்தது. இஷ் பெரும்பாலும் பெஞ்சில்தான். அந்தக் கோப்பையை அவர் வாங்கிக் கொடுத்தார் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சொல்லவில்லை. ஆனால் கோப்பை வென்றவர்களுக்குக் கொடுக்கிற மோதிரம் அவர் விரலிலும் உண்டு. அடுத்த பருவம் மறுபடி ஷார்லட், சொந்த ஊர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். வீட்டில் பந்து வைத்திருக்கும் பிள்ளைகள் நாளைக் காலை இதைச் செய்து பாருங்கள். கூடைக்குக் கீழே இரண்டு நாற்காலியைப் போடுங்கள். வலப்பக்கமாக உள்ளே போங்கள், பலகைக்கு அடியில் நுழையுங்கள், இடப்பக்கமாக வெளியே வாருங்கள். எறியக் கூடாது. இருபது தடவை. கையில் எடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். போன வாரம் வேப்பமரத்தில் பந்தை விட்ட பையனுக்கும் இதைத்தான் கொடுத்தேன். நான் கிளம்பும்போது ஏழில் இருந்தான்.