முதியோருக்குக் குடல் பரிசோதனை: மயக்க மருந்தில் பேண வேண்டிய நிதானம்

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. நிர்வாகத்தினர் நமக்களித்த இச்சில நிமிடங்களில், நம் இல்லங்களிலுள்ள முதியோரின் உடல்நலம் குறித்த ஒரு செய்தியை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர். எழுபது வயதைக் கடந்தவர். பட்டுக் கடைகளில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மலத்துடன் இரத்தம் போவதை மூலம் என்றெண்ணிப் பல மாதங்கள் மறைத்துவிட்டார். மருத்துவர் பெருங்குடலைக் குழாய்க் கருவியால் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனை அவசியம் என்றார். "மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்க மாட்டேன்" என்று பெரியவர் மறுத்தார். மகனோ, "அத்தா வலியே அறியக் கூடாது, முழுமையாக மயக்கிவிடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தினார். முந்தைய இரவு பெரியவர் வழக்கமான தூக்க மாத்திரையை உட்கொண்டிருந்ததை ஒருவரும் மருத்துவரிடம் சொல்லவில்லை.

பரிசோதனையின் நடுவே அவரது சுவாசம் குறையத் தொடங்கியது. அருகிலேயே கண்காணித்திருந்த மயக்கவியல் மருத்துவர் அதை உடனே கண்டறிந்து, மாற்று மருந்து செலுத்திச் சீர்செய்தார். அல்ஹம்துலில்லாஹ்! பின்னர் குடலிலிருந்த சதை வளர்ச்சிகள் அகற்றப்பட்டன. பெரியவர் நலமாக உள்ளார். மயக்கம் தெளிந்ததும் அவர் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி, "அஸர் போய்விட்டதா ஹஜ்ரத்?" என்பதாகும்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியில் இரு தவறுகள் உள்ளன. ஒன்று, அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டது. மற்றொன்று, பாசத்தால் மயக்கத்தை அதிகமாகக் கேட்டது. நம் குடும்பங்கள் பலவற்றில் இவ்விரண்டும் நிகழ்கின்றன.

முதியவரின் உடல் மயக்க மருந்தை இளைஞரின் உடலைப் போல் ஏற்பதில்லை. ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றுகின்றன. மூளையோ சிறிதளவு மருந்திற்கே ஆழ்ந்து உறங்கிவிடுகின்றது. இரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் ஊசி வேலை செய்யவும் தாமதமாகும். அதற்குள் பொறுமையிழந்து மீண்டும் ஊசி போட்டால், இரண்டும் ஒன்றுசேர்ந்து சுவாசத்தை அடக்கிவிடும். எனவே குறைவாகத் தொடங்கி, காத்திருந்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முதியோருக்குரிய முறையாகும்.

இப்பாடம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றதாகும். மிடசோலம் என்னும் ஊசி அமெரிக்காவில் 1986இல் புழக்கத்திற்கு வந்தது. தொடக்க ஆண்டுகளில் சுவாசம் தடைப்பட்டுப் பலர் இறந்ததாகத் தெரியவந்த பின்னர், அளவு குறைக்கப்பட்டு, கடுமையான எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. இதன் விளைவை மாற்ற ஃப்ளுமசெனில் என்னும் மருந்து உண்டு. உடன் செலுத்தப்படும் ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளுக்கு நலாக்சோன் உண்டு. ஆனால் மாற்று மருந்தின் வேகம் முதலில் தீர்ந்து, மயக்கம் மீண்டும் வரக்கூடும். ஆகவே அதன் பிறகும் கண்காணிப்பு தேவைப்படுகின்றது.

புரோபோஃபால் என்பது மற்றொன்று. விரைவில் உறங்கச் செய்து விரைவில் தெளியவும் செய்வதால் பலரும் இதை விரும்புகின்றனர். எனினும் இதற்கு மாற்று மருந்து கிடையாது. இரத்த அழுத்தத்தையும் இது தாழ்த்தும். 2009இல் அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் இம்மருந்தால்தான் தம் வீட்டில் இறந்தார். அங்கு முறையான கருவிகளும் கண்காணிப்பும் இருக்கவில்லை. அதே மருந்து, பயிற்சி பெற்றவரின் கையில், உரிய அளவில், அன்றாடம் எண்ணற்றோருக்குப் பாதுகாப்பாகச் செலுத்தப்பட்டு வருகின்றது. ஆகவே, மருந்தின் பெயரைவிட அளவும், அதைக் கவனிக்கும் கண்ணுமே பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. மெல்லிய உறக்கத்திலேயே இப்பரிசோதனையை முடித்துக்கொள்வோர் ஏராளம். மயக்கமே வேண்டாமென்று செய்துகொள்வோரும் உண்டு.

எனவே முதியவரை அழைத்துச் செல்வோர் மருத்துவரிடம் பணிவுடன் கேட்க வேண்டியவை சில உள்ளன. மயக்க மருந்தைச் செலுத்துபவர் யார்? பரிசோதனை செய்பவர் அல்லாத ஒருவர் சுவாசத்தையும் நாடியையும் மட்டுமே கவனித்திருப்பாரா? விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியுடன், வெளிவிடும் மூச்சை அளக்கும் கருவியும் உள்ளதா? மூக்கு வழியே ஆக்சிஜன் செல்லும்போது விரல் கருவி தாமதமாகவே எச்சரிக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உள்ளன. தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை, உறக்கத்தில் பலத்த குறட்டை, இதய நோய், சிறுநீரக நோய், முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகிய அனைத்தையும் எழுதிக் கொண்டு செல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தால் முதியவரின் உடல் நீரிழந்து சோர்ந்துவிடாமல், மருத்துவர் அனுமதித்த நேரம்வரை நீராகாரம் கொடுத்து வாருங்கள்.

பரிசோதனைக்குப் பின் ஒரு நாள் முழுவதும் அவரைத் தனியே விடாதீர்கள். தடுமாறி விழுவதும் குழம்பிப் பேசுவதும் முதியோரிடம் நேரக்கூடியவை. அன்று வாகனம் ஓட்டவோ, எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடவோ கூடாது. நினைவு தவறினால் ஒளு முறிந்துவிடும். ஆதலால் தெளிந்ததும் புதிதாக ஒளுச் செய்து, தவறிய தொழுகையைக் களாச் செய்துகொள்ளட்டும். ரமளானில் பரிசோதனையைத் தள்ளிவைக்க இயலாது என்று மருத்துவர் கூறினால், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஏற்று, நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம்.

நம் ஏனாத்தூரிலேயே மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. 1969இல் புற்றுநோயால் மறைந்த, இம்மண்ணின் மைந்தர் அறிஞர் அண்ணாவின் பெயரால் காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றது. இத்தனை அருகில் வசதிகள் இருந்தும் வெட்கத்தாலும் அச்சத்தாலும் நோயை முற்றவிடுவது முறையன்று.

பிள்ளைகள் வெளியூர்களில் இருப்பதால் துணைக்கு ஆளின்றிப் பரிசோதனையைத் தவிர்க்கும் முதியோரும் நம்மிடையே உண்டு. அத்தகையோருடன் அந்த ஒரு நாள் உடனிருக்க நம் மஹல்லாவின் இளைஞர்கள் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம். நாமும் வரத் தயாராக இருக்கின்றோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கும் பெரியோருக்கும் பூரண சுகத்தை நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.